தேர்ச்சியும் மதிப்பீடும்

ஊழியரது வினைத்திறத்தை ஆண்டுதோறும் மதிப்பிடும் வழக்கம் இன்று அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வேரூன்றி வருகின்றது. 'செயலாற்றுகை மதிப்பீடு' என்பது அதன் பெயர். 'தேர்ச்சி' என்பது அதன் அளவுகோல். இச்சொல் நம் ஆசிரியர்க்குப் புதிதன்று. 2007ஆம் ஆண்டிலே நம் நாட்டுக் கலைத்திட்டத்தைத் தேர்ச்சியை மையமாகக் கொண்டே அமைத்தனர். மாணவரை அளந்த கோல் ஆசிரியரையும் அளக்க வருமாயின், அதனை ஏற்பதா, மறுப்பதா?

தேர்ச்சியாவது யாது? அறிவும் திறனும் மனப்பாங்கும் ஒருங்குகூடிச் செயலிலே புலப்படுவது. நுண்ணறிவுச் சோதனையை விடுத்துத் தொழிலுக்கு வேண்டிய தேர்ச்சியையே சோதித்தல் தகும் என்று அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மக்கிளெலண்ட் 1973இல் எழுதினார். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு செலுத்தும் தண்டையலை நோக்குக. காற்றின் குறிப்பறிதல், பாரம் மிகுமிடத்து ஏற்ற மறுக்கும் உறுதி, அஞ்சுவாரை ஆற்றும் சொல் என்பன அவனுடைய தேர்ச்சிகள். கரைசேர்ந்த நேரத்தை மட்டும் கணக்கிட்டால், சோளகக் காற்றிலே நிதானித்து உயிர்காத்தவன் பின்தங்கியவனாகி விடுவான் அன்றோ?

பயனொன்றையே எண்ணி அளந்ததன் கேட்டினைக் கல்வியுலகம் முன்னரே கண்டுள்ளது. இங்கிலாந்திலே 1862இல், மாணவர் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் பெறும் பேற்றின்படி பாடசாலைக்கு நிதி வழங்கும் முறை எழுந்தது. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றியபின் இலங்கையிலும் அம்முறை புகுந்தது. ஆசிரியர் பரீட்சகரை நோக்கிக் கற்பித்தனர்; மாணவர் மனனஞ் செய்தனர். அது கல்வியை இயந்திரமாக்கிற்றென்று பாடசாலைப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னால்டே கண்டித்தார்.

அளத்தலே தீதென்பதன்று எம் கருத்து. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என 51ஆம் அதிகாரத்தையும், 'தெரிந்து வினையாடல்' என 52ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வைத்தார். ஆராய்க, குணமுங் குற்றமும் சீர்தூக்கி மிக்கது கொள்க, தெளிந்தபின் ஐயுறாது வினையை ஒப்படைக்க என்பது அவற்றின் சாரம். வினைசெய்வாரை வேந்தன் நாடோறும் நோக்கவேண்டும் என்பதும் அவர் துணிபு. ஆண்டிறுதியில் ஒரு படிவத்தை நிரப்பிக் கையொப்பமிடுதல் அந்நோக்காகாது.

ஆதலால் மதிப்பிடுவோரிடம் மூன்று வேண்டுவோம். எத்தேர்ச்சி எதிர்பார்க்கப்படுகின்றது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுக. அத்தொழிலை அறிந்தாரே, வகுப்பறையிலிருந்து, பலகாற் கண்டு மதிப்பிடுக. குறை காணுமிடத்து முதலிற் பயிற்சி அளிக்க. ஊதியத்தையும் பதவியையும் பின்னர் எண்ணுக.

கடல்கடந்து தீவுப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியர் ஒருவர், எழுத்தறியாது வந்த சிறுவனை வாசிக்கச் செய்கின்றார். மாவட்டப் பெறுபேற்றுப் பட்டியலில் அவ்வுழைப்புக்கு இடமில்லை. தேர்ச்சி நோக்கிய மதிப்பீடு அதனைக் காணவல்லதாயின், ஆசிரியருலகம் அதனை மனமுவந்து ஏற்கும்.