புரதத்தை நிறுக்கும் தராசு

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்வோர், உடப்பு, முந்தல் பகுதிகளில் இறால் வளர்க்கும் குளங்களைக் கண்டிருப்பர். அவற்றுட் பல இன்று கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. 1996ஆம் ஆண்டில் இக்கரையைத் தாக்கிய வெண்புள்ளி நோய் அதற்கொரு பெருங்காரணம். அந்நோய் புகுந்த குளம் சில நாட்களிலேயே பாழாகும். ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீரை எடுத்து, கழிவையும் அதிலேயே விட்டமையால், ஒருவர் குளத்து நோய் ஊரார் குளங்களுக்கும் பரவிற்று. கடன்பட்டு முதலிட்டோர் கலங்கி நின்றனர்.

இந்நோயைத் தருவது ஒரு வைரசு. அதன் உடல் எப்புரதங்களால் ஆனதென அறிந்தாலன்றி, அது இறாலினுட் புகும் வழியை அறிதல் அரிது. கண்ணுக்குப் புலனாகாத புரதத்தை அறிவது எங்ஙனம்? நிறுத்தே அறிகின்றனர். புரதத்தை நொதியத்தால் சிறு துண்டுகளாக்கி, அவற்றுக்கு மின்னேற்றம் ஊட்டி, வெற்றிடத்திற் செலுத்தி, ஒவ்வொன்றின் திணிவையும் அளக்கும் கருவியே திணிவு நிறமாலைமானி. பெற்ற அளவுகளை மரபணுக் குறிப்போடு ஒப்பிட்டால் புரதம் இன்னதெனத் துணியலாம். இவ்வைரசின் மரபணுத் தொகுதி 2001இல் வெளியாயிற்று. 2004இல் தைவான் நாட்டு ஆய்வாளர் அதன் 39 கட்டமைப்புப் புரதங்களை வெளியிட்டனர். நோய் அவர்க்கும் வந்தது, நமக்கும் வந்தது, நிறுத்தறிந்தவர் அவர்.

நோயுற்ற இறாலைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை என்பது மெய்யே. குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் மரபணுச் சோதனை செய்து காப்பதே இன்றைய வழி. ஆயினும், பகைவனின் உறுப்புகளை அறியாதார் அவனை வெல்வதெங்ஙனம்?

இத்தகைய ஆய்வு நம்மனோர்க்கு எட்டாதென்பது வீண் அச்சம். பெரும் புரதங்களைச் சிதையாமல் அளக்க வழிகண்டமைக்காக 2002இல் நோபெல் பரிசில் பங்குபெற்ற யப்பானியர் கொய்ச்சி தனக்கா, கலாநிதிப் பட்டம் பெறாத ஒரு பொறியியலாளர். தவறுதலாகக் கலந்துவிட்ட பொருளை வீணாக்க மனமின்றிச் சோதித்ததே அவருக்கு வழி திறந்தது. அந்தச் சிக்கனமும் கூர்நோக்கும் நம் மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் இல்லையா?

தமிழாசிரியராகிய நமக்கும் இதிற் பொறுப்புண்டு. நம் பாடநூல்கள் 'திணிவு' என்பதைத் தமிழகத்தார் 'நிறை' என்பர். இரண்டும் நல்ல தமிழே. சொல் இருக்கிறது, அதனை எடுத்தாளும் மாணவரே வேண்டும். இலக்கணம் கற்பிக்கும் நாம், கண்டதைக் கண்டவாறு எழுதும் விஞ்ஞான உரைநடையையும் பயிற்றுவோமாக.

விழாக்கால வளைவுகள் சில நாட்களில் அவிழ்க்கப்படும். பழைய மாணவர்காள்! அச்செலவில் ஒரு பகுதியேனும் நம் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு நல்லதொரு தராசாகவும் நுணுக்குக்காட்டியாகவும் மாறுவதாக. களப்பின் நோயைக் களப்போரத்துப் பிள்ளையே ஆராயும் நாளே நமக்கு மெய்யான விழா நாள்.