பத்து நாள் பாதிரியும் பத்துத் தலைமுறைச் சேரியும்

மார்கழி பிறந்து பனி இறங்கத் தொடங்கியதும் காவிரிப் படுகைக்கு இரண்டு வகை விருந்தாளிகள் வருவது வழக்கம். ஒரு வகை, கோடியக்கரைச் சேற்றுக்கும் உப்பளத்துக்கும் வடதேசங்களிலிருந்து பறந்து வரும் பறவைகள். அவை இரை தின்ன வருகின்றன. யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. காலம் முடிந்தால் வந்த வழியே போய்விடுகின்றன. மற்றொரு வகை, பத்து நாள் பதினைந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு, ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஒரு படமெடுக்கும் கருவியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, நமது சேரிகளில் ஊழியம் செய்ய வரும் வெளிதேசத்துக் கிறிஸ்தவத் தோழர்கள். இவர்கள் வரும் சமயம் பெரும்பாலும் சம்பா அறுப்புச் சமயம். வயலில் குனிந்து நிற்கிறவளை நிமிரச் சொல்லி, பரலோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, ஜெபம் செய்து, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இவர்களைப் பற்றி நாட்டில் இரண்டு விதமான கூச்சல் கேட்கிறது. ‘ஐயோ, மதம் போகிறதே’ என்பது ஒன்று. ‘ஆத்துமாக்கள் ரட்சிக்கப்படுகின்றன’ என்பது மற்றொன்று. நாம் இரண்டு கட்சியிலும் சேர்ந்தவர்களல்ல.

மதம் போகிறதென்று அழுகிறவர்களை முதலில் ஒன்று கேட்கிறோம். வாய்க்கால் கரையில் குடிசை போட்டுக் கிடந்தவனுக்கு உங்கள் மதம் கொடுத்து வைத்தது என்ன? பழைய தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்த கதையைக் கிழத்தஞ்சைக் கிழவர்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வருவதற்கே 1952 ஆகவேண்டியிருந்தது. அதன் பிறகுங்கூட, 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, உலகமெங்கும் கிறிஸ்து பிறந்த மணி அடித்துக்கொண்டிருந்த அன்றைக்கே, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் பெண்டு பிள்ளைகளோடு எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் அதற்குக் காரணம். கொளுத்தியவர்களும் வெந்தவர்களும் ஜனக்கணக்கில் ஒரே மதத்தார்தான். இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவன் வேறு மதத்துக்குப் போனால், அவனைத் தடுக்கிற யோக்கியதை யாருக்கு இருக்கிறது? ஆகவே மதம் மாறலாமா என்பதல்ல நமது கேள்வி. மாறியவனுக்கு என்ன மாறிற்று என்பதே கேள்வி.

குறுகிய காலத்துக்கு வந்து ஜனங்களை ரட்சிக்கிற இந்த வேலை புதிதல்ல. 1545-ல் பிரான்சிஸ் சவேரியார் என்பவர் நமது நாகப்பட்டினத்துக்கு வந்து தங்கிப் போயிருக்கிறார். தென்கடற்கரைகளில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதினார். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோகிறது என்றும் எழுதினார். நாளொன்றுக்கு முந்நூறு பேருக்கு மேலாகிறது. அந்த முந்நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ன புரிந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அதே சவேரியார் 1549-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே கை ஓயவில்லை, வாய்தான் ஓய்ந்தது. ககோஷிமாவில் இறங்கினார். அடுத்த ஆண்டு குளிர்காலத்தில், பனிக்கட்டி மூடிய கிராமப் பாதைகளில் நடந்து, சக்கரவர்த்தியைப் பார்க்கத் தலைநகரமான கியோட்டோவுக்குப் போனார். சக்கரவர்த்திக்கு அதிகாரமே இல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பதினொரு நாளில் திரும்பிவிட்டார். இதைவிட ஒரு வேடிக்கை. ‘கடவுள்’ என்பதற்கு ஜப்பான் பாஷையில் என்ன வார்த்தை என்று தமது மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, ‘தைனிச்சி’ என்று தெருத்தெருவாகப் பிரசங்கம் செய்தார். அது அவ்வூர் பௌத்தர்கள் கும்பிடும் ஒரு புத்தரின் பெயர்! விஷயம் தெரிந்ததும், அதைக் கும்பிடாதீர்கள் என்று மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. பாஷை தெரியாமல் பரலோகம் காட்டப் போகிறவர்களுக்கு இது எக்காலத்திலும் நேரக்கூடியது.

யமகுச்சி என்ற ஊரில் ஜனங்கள் அவரை ஒரு கேள்வி கேட்டார்கள். ‘உங்கள் கடவுள் அவ்வளவு நல்லவரானால், இத்தனை காலம் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? உங்கள் பெயரையே கேளாமல் செத்துப்போன எங்கள் பாட்டன் பூட்டன் நரகத்திலிருந்து மீள வழியுண்டா?’ வழியில்லை என்று இவர் சொல்ல, அவர்கள் அழுதார்கள் என்று இவரே எழுதியிருக்கிறார். அழுத ஜப்பானியனிடம் நமக்கு மிகுந்த மரியாதையுண்டு. பாட்டனை நரகத்தில் விட்டுவிட்டுத் தான் மட்டும் மோட்சம் போவது நியாயமா என்று அவன் யோசித்திருக்கிறான்.

இது நிற்க. வந்தவர்கள் எல்லாரும் பத்து நாளில் ஓடியவர்கள் அல்ல என்பதையும் நாம் மறைக்கவில்லை. 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தார். டேனிஷ் கம்பெனியின் சொந்தக் கவர்னரே அவரைச் சில மாதம் சிறையில் வைத்தான். அச்சுக்கூடம் வைத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், 1719-ல் இங்கேயே செத்தார். நமது நாட்டுச் சாமிகளைப் பற்றி அவர் பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பியபோது, அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கல்ல என்ற தோரணையில் மேலிடத்தார் பதில் சொல்லி, புத்தகத்தை அலமாரியில் போட்டுவிட்டார்கள். அது அச்சேற 1867 வரை காத்திருந்தது. பிறகு ஸ்வார்ட்ஸ் ஐயர் 1750-ல் வந்து 1798-ல் தஞ்சாவூரில் செத்தார். சரபோஜி மன்னன் அவருக்கு இங்கிலாந்திலிருந்து சலவைக்கல் சிலை செய்வித்துச் சர்ச்சில் வைத்தான்.

சரி, நாற்பத்தெட்டு வருஷம் இருந்தார்களே, சேரிக்காரனுக்கு என்ன செய்தார்கள்? படிப்புக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் சர்ச்சுக்குள்ளே வெள்ளாளக் கிறிஸ்தவன் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவன் ஒரு பக்கமுமாகத்தான் உட்கார்ந்தார்கள். ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை ராஜாவின் பட்டாளத்தில் சேவகம் செய்த ஆதிதிராவிடர். தாமாகவே வேதப்புத்தகம் படித்து, தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்து, வெள்ளைக்காரப் பாதிரிகள் கால் வைக்க முடியாதிருந்த தஞ்சைச் சீமைக்குள் ஊர் ஊராக நடந்து, சுமார் நாற்பது வருஷம் உபதேசியாராக உழைத்தார். ஆனால் குருப்பட்டம் யாருக்குக் கிடைத்தது? 1733 டிசம்பரில் ஆரோன் என்ற வெள்ளாளருக்கு. ராஜநாயக்கனுக்குக் கடைசி வரையில் இல்லை. பறையர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள், அதனால் அந்தச் சடங்குக்கே மரியாதை குறைந்துவிடும் என்பதுதான் பாதிரிகள் சொன்ன சமாதானம். கிறிஸ்துவின் ரத்தமாம், கிறிஸ்துவின் மாம்சமாம். அதற்கே தீட்டுப் படுகிறதாம்! அக்கிரகாரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை.

இனிமேல்தான் நமது பத்து நாள் விருந்தாளிகளுக்குச் சொந்தமான கதை வருகிறது. 1826-ல் ஹீபர் என்ற கல்கத்தா பிஷப் ஈஸ்டருக்குத் தஞ்சாவூர் வந்தார். பிரசங்கம் செய்தார், தமிழில் ஆசீர்வாதம் சொன்னார், மன்னனைப் பார்த்தார், மிகவும் நல்ல மனுஷர் என்று பெயர் வாங்கினார். ஜாதி விஷயத்தில் மெதுவாகப் போகலாம் என்பது அவர் போக்கு. ஏப்ரல் 3-ம் தேதி திருச்சியில் குளிக்கும்போது இறந்துவிட்டார். சில வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த வில்சன் என்பவர் வேறு ரகம். ஜாதி சர்ச்சுக்குள் இருக்கவே கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்று 1833-ல் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் அது வாசிக்கப்பட்டதும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சர்ச்சை விட்டே வெளியேறினார்கள். ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த வேதநாயக சாஸ்திரியாரே ஜாதி ஆசாரத்துக்கு வக்காலத்து வாங்கினார். 1835 ஜனவரியில், இதே தை அறுப்புக் காலத்தில், வில்சன் நேரிலேயே வந்தார். சிலரைச் சமாதானப்படுத்தினார், சிலரைப் பணிய வைத்தார். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த உத்தரவு யோக்கியமான உத்தரவு. அப்படி ஒன்றை எந்தச் சங்கராச்சாரியும் போட்டதில்லை. ஆனால் உத்தரவு போட்டவர் கல்கத்தாவில். கீழ்ப்படிய வேண்டியவர்கள் தஞ்சாவூரில். பிஷப் போன மறுநாள் அந்த ஏழை எவன் வயலில் கூலிக்குப் போக வேண்டும்? எவன் கிணற்றில் தண்ணீருக்கு நிற்க வேண்டும்? பக்கத்து ஆசனத்தில் இன்று உட்கார்ந்தவன் நாளைக்கு நெல் அளக்கும் களத்தில் எங்கே நிற்க வேண்டும்? இதற்கெல்லாம் பிஷப்பின் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

அதன் பலனை இப்போதும் பார்க்கலாம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கர் கல்லறையில், செத்த பிறகும் ஜாதி கலந்துவிடாதபடி நடுவில் சுவர் வைத்திருந்ததை எதிர்த்து நடந்த கிளர்ச்சிகளை வாசகர்கள் அறிவார்கள். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கொட்டப்பாளையத்து ஆதிதிராவிடக் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களைப் பிரித்து வைக்கிறார்கள் என்று முறையிட்டு, 2025-ல் உச்ச நீதிமன்றத்தின் படி வரை ஏறியிருக்கிறார்கள். பிணத்துக்குத் தீட்டுண்டா என்று சட்டம் படித்தவர்கள் தீர்மானிக்க வேண்டிய நிலைமை!

சர்க்கார் செய்யும் வேடிக்கை இதற்கு மேலானது. 1950-ல் ராஷ்டிரபதி போட்ட உத்தரவில், இந்துவாக இருக்கிறவனே தாழ்த்தப்பட்ட ஜாதிப் பட்டியலில் இருக்கலாம் என்று வைத்தார்கள். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனான ஆதிதிராவிடனுக்கு இடமில்லை. ஏனென்றால் அவன் மதத்தில் ஜாதி இல்லையாம்! தமிழ்நாட்டில் அவனைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆக, டில்லிக் காகிதம் ‘உனக்கு ஜாதி இல்லை’ என்கிறது. கல்லறைச் சுவர் ‘உனக்கு ஜாதி உண்டு’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவன் பையனுக்குப் படிப்புச் சலுகையும் போயிற்று, வேலைச் சலுகையும் போயிற்று. பத்து நாள் ஊழியக்காரர் தமது ஊருக்கு எழுதும் கணக்கில் ‘ஒரு குடும்பம் ரட்சிக்கப்பட்டது’ என்று எழுதுகிறாரே, இந்த நஷ்டத்தை எந்தப் பத்தியில் எழுதுகிறார்? அந்தக் குடும்பத்தாருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டி அவர் சொன்னதுண்டா? அவருக்கே தெரியாது என்பதுதான் நமது எண்ணம்.

தெரியாமல் நன்மை செய்கிறவர்களின் கதையைச் சுனாமியின்போதும் பார்த்தோம். 2004 டிசம்பர் 26-ல் நாகை ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். வேளாங்கண்ணிக்குத் திருநாளுக்காக வந்த பக்தர்களையும் கடல் விடவில்லை. எல்லா மதத்தாரும் ஓடிவந்து சோறு போட்டார்கள், துணி கொடுத்தார்கள், அதைக் குறை சொல்கிறவன் மனிதனல்ல. ஆனால் அவசரத்தில் வந்தவர்கள் கரையில் கிடந்த உடைந்த படகைப் பார்த்தார்கள். உள்ளே உப்பு ஏறிய வயலையும், அதில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சேரியையும் பலர் பார்க்கவில்லை. பல இடங்களில் நிவாரண ஜாபிதாவில் அந்தச் சேரிகள் விட்டுப்போனதைப் பத்திரிகைகளே அப்போது எழுதின. உள்ளூர்க்காரன் கைகாட்டுகிற இடத்தைத்தான் வெளியூர்க்காரன் பார்க்கிறான்; கைகாட்டுகிறவன் பெரும்பாலும் ஊர்த்தெருக்காரனாகவே இருக்கிறான்.

ஆகவே வருகிறவர்களை அடிக்கவோ துரத்தவோ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மதப் பிரசாரத்துக்கென்று தனி விசா இருக்கிறது. சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு வந்து அதைச் செய்தால் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சாக்கில் உள்ளூர்க் கிறிஸ்தவக் குடிசைகள் மேல் கல்லெறியக் கிளம்புகிறவர்களுக்கும் நமக்கும் எந்த ஒட்டும் இல்லை. நமது தோழர்கள் செய்ய வேண்டியது ஒரு சின்ன வேலை. இந்தத் தையிலும் யாராவது வந்து சேரியில் நின்று கடவுளின் அன்பைப் பற்றிப் பேசினால், பொறுமையாகக் கேளுங்கள். பேசி முடித்த பிறகு, யமகுச்சிக்காரன் கேட்ட மாதிரி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உங்கள் சபையில் இந்தத் தெருவுக்காரர் எத்தனை பேர் குருப்பட்டம் பெற்றிருக்கிறார்கள்? பொங்கல் முடிந்து நீங்கள் போன பிறகு கூலித் தகராறு வந்தால் உங்கள் உள்ளூர்ச் சபை மிராசுதாரர் பக்கமா, எங்கள் பக்கமா? மதம் மாறினால் எங்கள் பிள்ளை இழக்கும் சலுகைக்கு யார் வழக்காடுவது? பிறகு, அவரைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் ஊர் மாதா கோவில் கல்லறையைக் காட்டுங்கள். கல்லறை ஒன்றா இரண்டா, பிணம் போகும் பாதை ஒன்றா இரண்டா என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

இந்துவாயினும் கிறிஸ்தவனாயினும், எந்தெந்த ஊரில் சுடுகாடும் கல்லறையும் பாதையும் இரண்டாக இருக்கின்றன என்ற விவரத்தை, கேள்விப்பட்டதை அல்ல, நேரில் பார்த்ததை மட்டும், தோழர்கள் நமக்கு எழுதியனுப்பினால் வாரந்தோறும் வெளியிடத் தயாராக இருக்கிறோம்.