கை பழகக் காசு வேண்டும்
அரசுப் பள்ளித் தொழிற்கல்விக்கான இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது ஒரு பாடம். மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலில் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். கேஜ் வைத்துக் கம்பியின் கனம் பார்க்க வேண்டும். ஸ்லாட்டைச் சுரண்டித் துடைத்து, இன்சுலேஷன் பேப்பரை மடித்துச் செருகி, எனாமல் உரியாமல் புதுக் கம்பியை இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். முதல் தடவையிலேயே எந்தப் பிள்ளைக்கும் இது கைவராது. கணக்குத் தப்பினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். காயில் தப்பினால் கம்பி போயிற்று. புதுக் கம்பி வாங்கித் தந்தால்தான் அந்தப் பிள்ளை இரண்டாம் முறை கட்டும், மூன்றாம் முறை மோட்டார் ஓடும்.

எங்களில் ஒருவர் இந்தப் பாடத்தை அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் நடத்தியவர். அவருடைய கடைசி ஆண்டுகளில் வகுப்புக்கே ஒரு மோட்டார்தான். அவர் கட்டிக் காட்டுவார், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். சம்பளத்திலிருந்து கம்பி வாங்கிய மாதங்களும் உண்டு. அவர் ஓய்வுபெற்றதும் அந்த இடத்துக்கு வேறு ஆசிரியர் வரவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பாடப்பிரிவே இல்லை. பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அந்தப் பூட்டைத் திறக்கவே இந்த இயக்கம் கூடியிருக்கிறது. ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்கள், இந்தப் பிரிவில் படித்துப் பட்டறையும் கடையும் நடத்துகிறவர்கள், இன்று பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோர் எல்லோரும் இதில் இருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தொழிற்கல்வி என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்தை மதிக்கிறோம். 1953இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் பெற்றோரின் தொழில். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து நின்றார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தில் அரசுக்குக் கூடுதல் செலவே இல்லை என்பதை நாம் மறந்துவிட்டோம். இருக்கிற கட்டடத்திலும் இருக்கிற ஆசிரியரை வைத்தும் இரண்டு வேளை பள்ளி நடக்கும். தொழிலை வீடு சொல்லித்தரும். வீடு சொல்லித்தரும் தொழில், பிறந்த சாதியின் தொழிலாகத்தானே இருக்க முடியும்?

ஆகவே எங்கள் கொள்கை இது: அரசு பணம் போடாத தொழிற்கல்வி எந்தப் பெயரில் வந்தாலும் குலத்தொழிலில்தான் போய் முடியும். சலவைத் தொழிலாளியின் மகள் மின்னணுப் பொறியியலும், விவசாயியின் மகன் ஆடை வடிவமைப்பும் கற்க வேண்டுமானால், அவர்கள் வீட்டில் இல்லாத கருவி பள்ளியில் இருக்க வேண்டும். அந்தக் கருவியை அரசு வாங்கித் தர வேண்டும்.

இந்த மாநிலம் இதை ஒரு காலத்தில் புரிந்துவைத்திருந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கியது. இயந்திரவியல், மின் பொறியியல், கட்டடப் பொறியியல், நெசவு, வேளாண்மை, செவிலியம், அலுவலக மேலாண்மை என்று பாடங்கள் வந்தன. 1986இன் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 25 விழுக்காட்டினர் 1995க்குள் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்றது. 1992இல் அந்த ஆண்டை 2000 என்று தள்ளிவைத்தார்கள். 2020இன் கொள்கையோ 2025க்குள் பள்ளி, உயர்கல்வி மாணவர்களில் 50 விழுக்காட்டினருக்காவது தொழிற்கல்வி அறிமுகமாக வேண்டும் என்று எழுதியது. இலக்கு ஏறிக்கொண்டே போகிறது. கம்பி வாங்கக் காசு வரவில்லை.

ஆசிரியர் நிலையும் இதுதான். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024இல் அது 12,500 ஆனது. ஆண்டுக்கணக்கில் மே மாதத்துக்குச் சம்பளமே தரவில்லை. மே மாதத்தில் அந்த வீடுகளில் அடுப்பு எரிய வேண்டாமா? ஒன்றிய அரசும் தன் பங்குக்குக் கைவிரித்தது. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024–25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. அந்தச் சண்டையில் மாநில உரிமையின் பக்கம்தான் நிற்கிறோம். பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைப்பது அநியாயம். ஆனால் ஒன்றிய அரசிடமிருந்து வருகிற பணத்தை நம்பியே பட்டறை நடக்கும் நிலைமையும் மாற வேண்டும்.

பணமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதுப்பித்தது தமிழ்நாடு அரசு. மனமாரப் பாராட்டுகிறோம். ஐ.டி.ஐ. வாசலில் நவீன இயந்திரம், மேல்நிலைப் பள்ளிப் பட்டறையில் துருப்பிடித்த லேத் என்ற வேறுபாட்டைத்தான் ஏற்க மாட்டோம்.

எனவே கேட்கிறோம். பள்ளிக் கல்வித் துறையின் நிதிநிலையில் தொழிற்கல்விக்குத் தனித் தலைப்பு வேண்டும். கம்பி, துணி, விதை, வார்னிஷ் போன்ற செய்முறைப் பொருள்களுக்கு ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கைப்படி பணம் ஜூன் மாதமே பள்ளிக்கு வந்துசேர வேண்டும். ஓய்வுபெறும் ஒவ்வொரு தொழிற்கல்வி ஆசிரியரின் இடத்திலும் நிரந்தர ஆசிரியர் வர வேண்டும். ஆசிரியர் இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பாடப்பிரிவையும் மூடக் கூடாது. பொறியியல் சேர்க்கையில் தொழிற்கல்வி மாணவருக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பாடப்பிரிவே மூடப்பட்ட ஊரின் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்த பிள்ளையை "நீ வொகேஷனல் குரூப் போ" என்று ஒதுக்கிவிடாதீர்கள். விரும்பி வரும் பிள்ளைதான் மூன்றாம் முறையும் பொறுமையாகக் காயில் கட்டும்.

இதைப் படிக்கிற உங்களுக்கு முதல் வேலை ஒன்று தருகிறோம். உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு இருந்ததா, எந்த ஆண்டு மூடினார்கள், பட்டறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அதைப் பேசிப் பதிவுசெய்யுங்கள். மே 1ஆம் தேதி கிராம சபை கூடும். பட்டறையைத் திறக்க வேண்டும் என்று அன்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.