பக்கத்துக் காம்பராவின் சாட்சி

குறட்டைக்கு எங்கள் பக்கத்தில் கெட்ட பெயர் கிடையாது. "மனுசன் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு" என்று வீட்டுக்காரம்மா பெருமையாகவே சொல்வார். பகலெல்லாம் மலை ஏறி இறங்கியவர், இரவெல்லாம் லொறி ஓட்டியவர், படுத்ததும் குறட்டை விட்டால் அது உழைப்புக்குக் கிடைத்த நல்ல தூக்கம் என்றுதான் கணக்கு. கும்பகர்ணன் உறங்கிய தீவில் குறட்டையை நோயென்று யார் பார்ப்பார்கள்?

இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் குறட்டை ஒரு வீட்டுக்குள் அடங்கும் சங்கதியும் இல்லை. பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுவில் ஒற்றைச் சுவர். யார் இருமுகிறார், எந்தப் பிள்ளை அழுகிறது, எவர் எந்நேரம் வந்து கதவைத் தட்டினார் என்பதெல்லாம் வரிசை முழுக்கத் தெரியும். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டும் ஒருவரின் கதை எனக்கு வந்ததும் அப்படித்தான். அவர் சொல்லவில்லை, அவர் மனைவியும் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராப் பாட்டி சொன்னார்: "குறட்டை கேட்டா எனக்குத் தூக்கம் கெடாது தம்பி, பழகிப் போச்சு. திடீர்னு நின்னுறுது பாரு, அப்பத்தான் முழிப்பு வருது. செத்துக்கித்துப் போயிட்டானோன்னு செவுத்துல காதை வச்சுக்கிட்டு இருப்பேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் பெருசா ஒரு செருமல். மறுபடியும் குறட்டை."

மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. குறட்டை விடுபவர்கள் எல்லோருக்கும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியா இருப்பதில்லை. குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறலோடு திரும்புகிறதா என்பதே விஷயம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். நாக்கும் உள்ளண்ணமும் பின்னால் சரியும். பாதை ஏற்கெனவே ஒடுங்கியதாக இருந்தால், மூச்சை உள்ளே இழுக்கும் இழுப்பிலேயே அது மூடிக்கொள்ளும். தெருவோரத்தில் தம்பிலி குடிக்கும்போது நனைந்து நைந்த கடதாசிக் குழாய், உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான். நெஞ்சும் வயிறும் இழுத்துப் போராடும், காற்று போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பிவிட, தொண்டை திறக்கும். எழுந்தது அவருக்கே தெரியாது.

பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு வெகுவாகக் குறைந்து ஒட்சிசன் இறங்கும் தடவைகளையும் அதோடு கூட்டுவார்கள். மணிக்கு 5 முதல் 15 என்றால் இலேசானது, 30ஐத் தாண்டினால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஆறு மணி நேரம் படுத்தவரை அன்றிரவு 180 தடவை யாரோ உலுக்கி எழுப்பியது போன்ற நிலை. காலையில் அவர் என்ன தெளிவோடு எழுவார்?

இங்கேதான் எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு. தோட்டத்தில் களைப்பை யாரும் நோயின் அறிகுறியாக எடுப்பதில்லை. அலுவலகத்தில் இருப்பவர் மத்தியானம் கண் சொருகினால் பரிசோதனைக்குப் போகச் சொல்வார்கள். கொழுந்து எடுப்பவரோ பால் வெட்டுபவரோ சொருகினால் அது வேலையோடு ஒட்டிப் பிறந்தது. மாத்தளையில் கண்டி பஸ் ஏறியவர் அக்குறணை வருமுன் வாய் பிளந்து தூங்கினால், "பாவம், அலுப்பு" என்று தோளைக் கொடுப்போம். மெல்பர்னில் மரே ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1991இல் பகல் தூக்கத்தை அளக்க எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார். உலகமெங்கும் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். வாசிக்கும்போது தூங்குவீர்களா, தொலைக்காட்சி பார்க்கும்போது தூங்குவீர்களா என்று போகும் அது. காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றபடி கண் அயர்வீர்களா என்று அதில் கேள்வி இல்லை. நாமே சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெண்களிடம் இந்த நோய் இன்னும் ஒளிந்துகொள்ளும். அவர்களின் குறட்டை பெரிதாகக் கேட்காமலும் இருக்கலாம். தூக்கம் வரவில்லை, உடம்பு அசதி, காலையில் தலையிடி என்றுதான் சொல்வார்கள். இரத்தச் சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் அப்னியா கூடுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உடல் பருத்தவருக்கு மட்டும் வரும் வியாதி என்பதும் பிழை. தாடை பின்தள்ளியிருக்கும் ஒல்லியான ஆளுக்கும் வரும். இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவது, விடிந்ததும் வாய் வறண்டு கிடப்பது, காரணமில்லாத எரிச்சல், மூன்று விதமான மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், இவையெல்லாம் ஒரே கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்தும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கப்படாமல் கிடப்பதுண்டு.

பிள்ளைகள் கதை வேறு. வாயைத் திறந்தே தூங்குகிற, குறட்டை விடுகிற, பெரிதாக வளர்ந்த பிறகும் பாயை நனைக்கிற பிள்ளைக்கு அடினோயிட்டும் டொன்சிலும் வீங்கியிருக்கலாம். வகுப்பில் தூங்கி வழிவதைவிட, ஓரிடத்தில் இருக்காமல் குழப்படி செய்வதுதான் இவர்களிடம் அதிகம். ஆசிரியர்கள் வைக்கும் பட்டப்பெயர்களில் சில, ஒரு சின்ன அறுவைச் சிகிச்சையோடு போய்விடக் கூடியவை.

லொறிக்காரருக்கு வருகிறேன். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999இல் தொடங்கியது. மலைநாட்டு மரக்கறி கண்டி, மாத்தளை வழியாக ஏ9 வீதியில் இரவோடு இரவாக அங்கே ஏறுகிறது. அந்த வீதியில் சாரதிகள் தூக்கத்தை வெற்றிலையாலும் பிளேன்டீயாலும் விரட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் "அலுப்புத் தீர" கொஞ்சம் சாராயம். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூளை பதறி எழுப்புவதையும் தாமதமாக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஓட்டுபவர் கண் அயர்ந்தால் என்ன ஆகும்? 2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை நியூயோர்க்கில் ஒரு ரயில், மணிக்கு 48 கிலோமீற்றரில் போக வேண்டிய வளைவில் 132 கிலோமீற்றரில் புகுந்து தடம் புரண்டு நான்கு பேர் இறந்தார்கள். ரயிலோட்டி கண் அயர்ந்திருந்தார். வேலை நேரம் மாறியிருந்தது ஒருபுறம். மறுபுறம், அவருக்குக் கடுமையான அப்னியா இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கே இந்தக் கதி என்றால், நாலந்தை வளைவுகளில் உருளைக்கிழங்கு மூடைகளோடு வரும் லொறிக்கு? சொன்னால் வண்டியைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் சாரதிகள் மறைக்கிறார்கள். சிகிச்சை எடுத்துப் பகல் தூக்கம் போனவர் பாதுகாப்பாக ஓட்டலாம் என்பதை முதலாளிமாருக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

1981க்கு முன்பு கடுமையான அப்னியாவுக்குப் பலனளித்த வைத்தியம், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். அந்த ஆண்டு சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர், மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுத்தால் தொண்டை மூடாது என்று ஐந்து நோயாளிகளில் காட்டினார். அதுதான் இன்றைய சீபாப் மெசின். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் காற்று. ஆனால் இங்கே பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும், விலை இலட்சங்களில். கரண்டும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்தாலே இருண்டுபோகும் தோட்டங்களில் மெசினை நம்பி எப்படிப் படுப்பது என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

மெசினை விற்பவர்கள் மாரடைப்பைத் தடுக்கும் என்றும் சொல்வார்கள். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ இருந்த 2,717 பேரைப் பின்தொடர்ந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாக அதில் தெரியவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. மெசினை அவர்கள் சராசரியாக இரவில் 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலமாரியில் இருக்கும் மெசின் ஒன்றும் செய்யாது. லொறிக்காரருக்குப் பகல் தூக்கம் போவதே போதும், அதுதான் உயிர்.

மெசினுக்கு முன்பும் செய்ய நிறைய இருக்கிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சு நிற்கும் எண்ணிக்கை கால்வாசி அளவு குறையும் என்று விஸ்கொன்சினில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு சொல்கிறது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு நன்றாக உதவும். சட்டையின் முதுகில் ஒரு பை தைத்து டெனிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளும் பழைய உபாயம் இன்றும் செல்லும். இலேசான, நடுத்தர நிலையில் தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கவசம் உண்டு, அதைப் பல் வைத்தியர்தான் அளவெடுத்துச் செய்ய வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

லொறிக்காரர் கிளினிக் போனபோது மனைவியும் கூடப் போனார். வாசலில் "நோயாளி மட்டும்" என்று நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவரிடம் நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்க, நன்றாகத் தூங்குகிறேன் என்றார். பொய்யில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாட்டி கேட்டது, மனைவி பார்த்தது எதுவும் கொப்பியில் ஏறவில்லை. உள்ளே விட்டிருந்தாலும் சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டருக்கு அந்த அம்மா என்னவென்று விளக்கியிருப்பார்?

அதனால் கையில் இருக்கும் போனைப் பயன்படுத்துங்கள். ஆளிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சு நின்று திரும்பும் அந்த நேரத்தை, விளக்கைப் போட்டு, முகமும் நெஞ்சும் வயிறும் தெரிய, சத்தத்தோடு இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அதையும் கிளினிக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய், தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். விரலில் ஒட்சிசன் மானியும் நெஞ்சில் பட்டியும் கட்டி ஒரு இரவு அளந்து பார்க்கும் சோதனைக்கு வேறு இடத்துக்கு அனுப்பினால் தட்டிக்கழிக்காதீர்கள். வீடியோவைத் தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.