சங்கிலி அறுந்தா சோலி முடிஞ்சுது!

இந்த வாரம் ஒரு சோகக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

என் ரூம்மேட் பேக்கப் விஷயத்துல செம உஷார் பார்ட்டி. ஜூலை மாசம் லேப்டாப்பை முழுசா ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்தான். அப்புறம் தினமும் ராத்திரி, அன்னிக்கு மாறின ஃபைல்களை மட்டும் சேர்க்கிற மாதிரி செட் பண்ணிட்டான். 'நீதான் எடுக்கிறியேடா'ன்னு நான் ஒரு காப்பிகூட வெச்சுக்கலை. இத்தனைக்கும் எங்க மினி புராஜெக்ட் கோடிங்ல பாதி என்னோடது!

நவம்பர்ல, ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் இருக்கிறப்போ லேப்டாப் படுத்துடுச்சு. 'டென்ஷன் ஆகாத மச்சி, பேக்கப் இருக்கு'ன்னு சிரிச்சுக்கிட்டே ரீஸ்டோர் போட்டான். செப்டம்பர் மாசத்து ஃபைல் ஒண்ணு கரப்ட். அதோட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் செஞ்ச ரெண்டு மாச வேலை... அம்பேல்!

காரணம் சிம்பிள். அவன் எடுத்தது 'இன்க்ரிமென்ட்டல்' பேக்கப். ஒவ்வொண்ணும் முந்தினதைப் பிடிச்சுத் தொங்குற சங்கிலி. ஞாயிறு ஃபுல் பேக்கப், திங்கள் முதல் வெள்ளி வரை இன்க்ரிமென்ட்டல்னு வெச்சுக்குங்க. சனிக்கிழமை மெஷின் படுத்தா 6 காப்பியும் நல்லா இருக்கணும். 'டிஃபரன்ஷியல்'னா ஃபுல்லும் வெள்ளிக்கிழமை காப்பியும் போதும், மொத்தம் 2. ஆனா அது நாளுக்கு நாள் குண்டாகிட்டே போகும். நம்மாளு சங்கிலியிலோ 100-க்கும் மேல கண்ணி!

ஸோ, ஃபுல் பேக்கப்பை எப்போ புதுப்பிக்கலாம்? சாதாரண நாள்ல மாசத்துக்கு ஒண்ணு. புராஜெக்ட் சீஸன்ல வாரத்துக்கு ஒண்ணு. ஓ.எஸ். மாத்துறதுக்கு முந்தின நாள் கட்டாயம் ஒண்ணு. நடுவுல தினமும் இன்க்ரிமென்ட்டல். புது ஃபுல் சரியா வேலை செய்யுதானு பார்க்காம பழசை அழிக்காதீங்க. வேலை முடிஞ்சதும் டிஸ்க்கைக் கழட்டி வைங்க. சொருகியே இருந்தா, ரான்சம்வேர் வந்து லேப்டாப்போட சேர்த்து அதையும் பூட்டிட்டுப் போயிடும்.

முக்கியமான விஷயம், ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கிறது. 2017 ஜனவரி 31-ம் தேதி ராத்திரி, கிட்லேப் கம்பெனி இன்ஜினீயர் ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டார். பேக்கப்புக்குனு 5 வழி வெச்சிருந்தாங்க. ஒண்ணுகூட ஒழுங்கா கைகொடுக்கலை! எதேச்சையா 6 மணி நேரம் முன்னாடி எடுத்த காப்பிதான் காப்பாத்துச்சு. இதையெல்லாம் அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. உலகத்துக்கே கோடிங் சேமிச்சுத் தர்றவங்களுக்கே அந்த கதின்னா, நாமெல்லாம் எம்மாத்திரம்?

எங்க கதை? ரெண்டு ராத்திரி தூங்காம, ஞாபகத்துல இருந்ததை வெச்சு பாதியைத் திரும்ப எழுதினோம். மீதிக்கு, 'பேக்கப் இருந்துச்சு சார்'னு இழுத்தோம். சார் சிரிக்கலை. மார்க்கும் சிரிக்கலை. இப்போ ஆளுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். மாசத்தோட முதல் ஞாயிறு ரெண்டு பேருக்கும் ஃபுல் பேக்கப் டே. அவன் டிஸ்க்கை நான் ரீஸ்டோர் பண்ணிப் பார்ப்பேன், என்னோடதை அவன்!

நீங்க கடைசியா ஃபுல் பேக்கப் எடுத்தது எப்போ? யோசிக்க வேண்டியிருந்தா, இன்னிக்கே எடுத்துடுங்க பாஸ். அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!