சொன்னவர் யார் என்று கேளாதீர்



தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடமாய்ப் படித்தோம். அவற்றுள் முதலாவது அகங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. அந்தப் புண்ணியம் நம்மிடம் உண்டா என்பதை எதைக்கொண்டு அறிவது? திருப்பலியில் மார்பில் அறைந்து, பாவி என்று அறிக்கையிடுவது எளிது. வீடு திரும்பியபின் அதே பாவத்தை மனைவியோ மகனோ பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினால் நம் முகம் எப்படி மாறுகிறது? தாழ்ச்சியின் பரீட்சை அங்கேதான் நடக்கிறது.

ஆகஸ்ட் 27-ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் புனித மோனிக்கம்மாளை, மகனுக்காகக் கண்ணீர் வடித்த தாய் என்றே அறிவோம். அவருடைய சிறுவயதில் நடந்த ஒன்றை, அந்த மகனாகிய புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதியிருக்கிறார். பெற்றோர் சொற்படி மிடாவிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவரச் செல்லும் சிறுமி, விளையாட்டாக ஒரு துளி சுவைத்தாள். துளி மிடறாயிற்று, மிடறு கிண்ணமாயிற்று. வீட்டில் கண்டிப்பான முதிய செவிலி இருந்தும் அப்பழக்கம் தொடர்ந்தது. ஒருநாள் உடன் சென்ற பணிப்பெண், ஏதோ சச்சரவில், ‘குடிகாரி’ என்று ஏசிவிட்டாள். அந்த ஒரு சொல் சிறுமியின் நெஞ்சில் தைத்தது. அன்றே பழக்கத்தை விட்டாள்.

கவனியுங்கள். அப்பணிப்பெண் திருத்த விரும்பிப் பேசியவளல்லள்; புண்படுத்த விரும்பினாள். புத்தி சொல்லும் உரிமையும் அவளுக்கு இல்லை. ‘நீயா எனக்குச் சொல்வது?’ என்று சிறுமி அதட்டியிருக்கலாம். அதட்டியிருந்தால் சண்டையில் வென்றிருப்பாள், கிண்ணத்திடம் தோற்றிருப்பாள்.

திருச்சபையின் தலைவருக்கே இப்பரீட்சை நேர்ந்தது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உணவருந்திய புனித பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பின்னால் வந்து சேர்ந்த புனித பவுல், அனைவர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். ஆயினும் பேதுருவின் பெயரால் அமைந்த இரண்டாம் திருமடல், பவுலை அன்புச் சகோதரர் என்றே குறிப்பிடுகிறது. இந்நிகழ்ச்சியைப் பற்றிப் புனித எரோணிமுஸுக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தீனார், துணிந்து கண்டித்த பவுலின் முன்மாதிரியைவிட, இளையவரின் கண்டிப்பை ஏற்ற பேதுருவின் முன்மாதிரியே அரியது என்கிறார். அதை அவர் தம் வாழ்விலும் காட்டினார். 426, 427-ஆம் ஆண்டுகளில், எழுபது வயது கடந்த ஆயராய் இருந்தபோது, தாம் இயற்றிய 93 நூல்களையும் வரிசையாக மறுபடி ஆய்ந்து, பிழைகளைத் தாமே எழுதி வெளியிட்டார்.

நம் இல்லங்களுக்கு வருவோம். மகன் ஒரு குறையைச் சொன்னால், ‘முளைத்து மூன்று இலை விடவில்லை’ என்கிறோம். மருமகள் சொன்னால், ‘நேற்று வந்தவள்’ என்கிறோம். மனைவி சொன்னால், ‘நீ மட்டும் யோக்கியமோ?’ என்கிறோம். மூன்று பதில்களிலும், சொன்னது மெய்யா பொய்யா என்ற கேள்விக்கே இடமில்லை. இருமுறை வாயடைக்கப்பட்டவர் மூன்றாம் முறை பேசமாட்டார். வீட்டில் அமைதி நிலவுவதாகக் குடும்பத் தலைவர் எண்ணிக்கொள்வார். மகள் மறைத்த துயரமும், மகன் பட்ட கடனும் தெரு முழுவதும் பரவியபின், கடைசியாக அவர் செவிக்கு எட்டும்.

சொல்லப்படும் குற்றமெல்லாம் மெய்யாகிவிடாது. ஆராய்ந்து பார்த்துப் பொய்யென்று கண்டால், கசப்பின்றித் தள்ளிவிடுங்கள். மெய்யென்று கண்டால், சொன்னவர் குரலையும் வயதையும் மறந்து அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தாழ்ச்சி என்பது உண்மைக்கு வழிவிடுவதேயன்றி வேறில்லை.

திருத்துவோருக்கும் ஒரு வார்த்தை. மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் முதற்படி, தனியே சந்தித்துச் சொல்வதாகும். உறவினர் நடுவிலும் பந்தியிலும் சொல்லும் நல்ல புத்தி நஞ்சாகிவிடும். பிறர் திருந்தினால் அதை நம் திறமை என்று எண்ணவும் வேண்டாம். மோனிக்கம்மாளைத் திருத்தியது பணிப்பெண்ணின் கோபமன்று. அக்கோபத்தையும் மருந்தாக்கிய இறைவனின் இரக்கமே.

இம்மாதம் ஒன்று செய்வோம். யாரேனும் குறை சொன்னால் உடனே மறுமொழி கூறாதிருப்போம். இரவில் குடும்பச் செபமாலை முடிந்தபின், ஆன்ம சோதனையில் அச்சொல்லை ஆண்டவர் முன் வைப்போம். அது மெய்யானால், மறுநாட்காலை சொன்னவரிடம் சென்று, ‘நீ சொன்னது சரி’ என்று கூறுவோம். அப்பா வாயிலிருந்து அச்சொல்லை ஒருமுறை கேட்ட பிள்ளை, தன் தவற்றையும் அவரிடம் அஞ்சாமல் வந்து சொல்லும்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.