சூடு பண்ணிட்டா சரியாயிடுமா?

ரூம்ல சமைச்சு சாப்பிடுற கோஷ்டியா நீங்க? நேத்து ராத்திரி மீந்த சாதம் குக்கர்லயே கிடக்கு. மோந்து பார்த்தா வாசனை ஓகே. 'ரெண்டு முட்டை உடைச்சு ஊத்திப் பிரட்டினா ஃப்ரைடு ரைஸ் ரெடி'ன்னு அடுப்பைப் பத்தவைக்கும் முன் ஒரு நிமிஷம்...

2008 அக்டோபர். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரம். 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் முன்பு வேகவைத்து கிச்சனிலேயே வெளியே வைத்திருந்த ஸ்பெகட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் தலைவலி, வயிற்றுவலி, அப்புறம் வாந்தி. நள்ளிரவுக்கு மேல் தூங்கிப்போனவர், காலையில் எழுந்திருக்கவே இல்லை. பிரேதப் பரிசோதனையில் கல்லீரல் செல்கள் மடிந்திருந்தது தெரிந்தது. மீதமிருந்த ஸ்பெகட்டியில் சிக்கியது ஒரு பாக்டீரியா. பெயர், பாசிலஸ் சீரியஸ். பேர்லயே சீரியஸ்!

மண்ணில் சாதாரணமாக வாழும் கிருமிதான் இது. அரிசியிலும் கோதுமையிலும் ஸ்போராக, அதாவது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் விதை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். கொதிக்கிற உலையிலும் சாகாது. வெந்த சாதம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் விழித்துக்கொண்டு பெருகும். அப்போது இதில் சில வகைகள் கக்கும் நச்சுதான் செரியூலைடு.

இந்த நச்சு 121 டிகிரி சூட்டையும் தாங்கும் பாஸ்! நீங்கள் சூடு பண்ணும்போது கிருமி செத்துப்போகலாம். அது விட்டுப்போன விஷம் அப்படியே இருக்கும். நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது.

சரி, கல்லீரலுக்கு ஏன் அடி? குடலிலிருந்து கிளம்பும் ரத்தம், போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. ஆக, முதல் அடி அதுக்குத்தான். ஒவ்வொரு கல்லீரல் செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி பவர் ஹவுஸ்கள் ஏராளமாக உண்டு. அவை ஓடுவதே சவ்வின் இரு பக்கமும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தால்தான். செரியூலைடு, பொட்டாசியத்தைத் திருட்டுத்தனமாக உள்ளே கடத்தி அந்த வித்தியாசத்தைக் காலி செய்துவிடும். கரன்ட் கட்! கொழுப்பை எரிக்க முடியாமல் செல்லுக்குள் துளித்துளியாகத் தேங்கும். கடைசியில் செல்லே செத்துவிடும்.

பயந்துடாதீங்க. பெரும்பாலானவர்களுக்கு வாந்தியோடு ஒரே நாளில் சரியாகிவிடும். கல்லீரல் வரை போவது ரொம்ப அபூர்வம். ஆனால், அந்த அபூர்வம் யாருக்கு என்று முன்கூட்டியே தெரியாதே!

'அப்போ பாட்டியோட பழைய சோறு?' நல்ல கேள்வி. தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பு நம்ம சீரியஸுக்கு ஆகாது. குக்கரில் சும்மா மூடிவைத்த சாதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

செய்ய வேண்டியது சிம்பிள். மீந்ததை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லையா? அளவாக வடியுங்கள். ராத்திரி முழுக்க வெளியே கிடந்ததைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ரூம்மேட் விடாமல் வாந்தி எடுக்கிறானா? கண் மஞ்சளாகிறதா? பேச்சு குழறுகிறதா? 'தூங்கினா சரியாயிடும் மச்சி'ன்னு போர்வையை இழுத்து மூடிவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் என்ன சாப்பிட்டான், அது எப்போது சமைத்தது என்று மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தட்டு சாதம் போனால் போகட்டும். நண்பன் முக்கியம் இல்லையா?